வீட்டில் கைப்பேசி உண்டு, பிள்ளையின் கையில் உண்டா?

மாலைவகுப்பு | ஞாயிறு, இரவு 9.10

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் லெம்பா பந்தாய் வட்டாரத்தில் ஒரு பிபிஆர் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு வீடமைப்பு) அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் நானும் இரண்டு நண்பர்களும் வாரத்தில் மூன்று மாலை பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவம் வரை இருபத்திரண்டு பிள்ளைகள். சென்ற மாதம் ஓர் உதவிக்கு மனுச் செய்வதற்காக அவர்களிடம் பாரம் கொடுத்து நிரப்பச் சொன்னோம். வீட்டில் திறன்பேசி உண்டா? இருபத்திரண்டு பேரும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். இணைய வசதி உண்டா? அதற்கும் எல்லாரும் உண்டு. அந்தப் பாரத்தை எந்த அதிகாரி பார்த்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் முடிவு செய்வார்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதலாம் படிவத்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையை வகுப்புக்கு அழைத்துவர ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு அவள் வீட்டுக்கு மேலே போனேன். கதவு திறந்திருந்தது. அவளுடைய அப்பா இரவுப் பாதுகாவலர் வேலைக்குக் கிளம்பி, தலைக்கவசத்தை மாட்டி, வாரையும் பூட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பிள்ளை செருப்பு வைக்கும் தட்டின் மேல் நோட்டுப் புத்தகத்தை விரித்து, அப்பாவின் கைப்பேசியைப் பார்த்து அரக்கப் பரக்க எழுதிக்கொண்டிருக்கிறாள். வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஆசிரியர் படம் எடுத்து அனுப்பிய கணக்குகள் அவை. திரையின் குறுக்கே ஒரு விரிசல். ஆறாவது கணக்கில் ஓர் எண் அந்த விரிசலுக்குள் போய்விட்டது. விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள், அப்படியும் தெரியவில்லை. "நேரமாகிவிட்டதம்மா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவள் கைப்பேசியைக் கொடுத்துவிட்டாள். அவர் மின்தூக்கியில் இறங்கிப் போனார். அந்த வீட்டின் இணையமும் அவரோடு இறங்கிப் போயிற்று. காலை எட்டு மணிக்குத்தான் அது திரும்பி வரும். அப்போது அவள் பள்ளியில் இருப்பாள்.

அடுத்த வகுப்பில் கேள்வியை மாற்றிக் கேட்டேன். மாலை ஆறிலிருந்து பத்து வரை, பாடத்துக்கென்று கைப்பேசி உன் கையில் எவ்வளவு நேரம் இருக்கும்? அரை மணிக்கு மேல் இருக்கும் என்று கைதூக்கியவர்கள் ஏழு பேர்.

2020-இல் சபாவில் ஒரு மாணவி மரத்தின் மேல் தங்கி இணையத் தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. அது பார்த்தவுடன் புரிகிற துன்பம். தலைநகரில் எங்கே நின்றாலும் அலைவரிசை கிடைக்கிறது. அதனால் செருப்புத் தட்டின் மேல் எழுதுகிற துன்பம் யார் கண்ணிலும் படுவதில்லை. உங்கள் பக்கத்தில் நிலைமை எப்படி? என்ன செய்திருக்கிறீர்கள்? எது பயன்பட்டது? எழுதுங்கள்.


கரும்பலகை | ஞாயிறு, இரவு 10.25

ஐயா, நான் கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பதினெட்டு ஆண்டாகப் பாடம் நடத்துகிறேன்.

நீங்கள் பார்த்ததை எண்ணாலேயே காட்ட முடியும். 2020 மார்ச் 18-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய சில வாரங்களில் கல்வி அமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று அதில் தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடுதான். அதே 2020-ஆம் ஆண்டுக்குப் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள். நாட்டில் 98.6 விழுக்காட்டு வீடுகளில் கைப்பேசி உண்டு, 91.7 விழுக்காட்டு வீடுகளில் இணையம் உண்டு. இரண்டில் எதுவும் பொய்யில்லை. ஒன்று வீட்டை எண்ணியது, மற்றது பிள்ளையை எண்ணியது. உங்கள் பெண்பிள்ளை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறாள்.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 தொடக்கத்தில் இல்லிருப்புக் கற்றல் நடந்தபோது நான் இரவு எட்டு மணிக்கு வீட்டுப்பாடம் அனுப்புவேன். என் சொந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்த பிறகுதான் எனக்கு நேரம் கிடைத்தது. யார் வேலையை அனுப்பினார்கள், யார் அனுப்பவில்லை என்று பட்டியல் வைத்திருந்தேன். ஒரு பையனின் பெயருக்கு நேரே வாரக் கணக்கில் சிவப்பு. அவனைப் பொறுப்பில்லாதவன் என்று மனத்துக்குள் எழுதியே வைத்துவிட்டேன். மார்ச்சில் பள்ளி திறந்ததும் அவன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எல்லாப் பாடமும் அதில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, மேலே கோடு கிழித்து, அழகான கையெழுத்தில். அடுத்த வீட்டுப் பையனின் கைப்பேசியில் கேள்விகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். படம் பிடித்து அனுப்பத்தான் வழி இல்லை. அந்த நோட்டைத் திருத்தும்போது என் கை நடுங்கியது.

அன்றிலிருந்து நான் வகுப்பு முடிவதற்குள் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். புலனத்தில் அனுப்புவது அதன் பிரதி மட்டுமே. இதற்கு வரவு செலவுத் திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் எத்தனை ஆசிரியர்கள் இப்படிச் செய்கிறோம்?


செந்தூல்காரன் | திங்கள், காலை 7.40

மாலைவகுப்பு ஐயாவின் சேவையை மதிக்கிறேன். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் சரியாகாது.

நானும் புறம்போக்குக் குடிசையில் வளர்ந்தவன். செந்தூலில் தகர வீடு, இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. படித்தோம், முன்னேறினோம். இன்று அடுக்குமாடிகளுக்குப் போய்ப் பார்த்தால் ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் கைப்பேசி. சாப்பிடும்போது காணொலி, படுக்கும்போது காணொலி. தீபாவளிக்குப் புதிய பெரிய தொலைக்காட்சி வாங்கப் பணம் இருக்கிறது, பிள்ளைக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்க இல்லை. அரசாங்கமும் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2021 வரவு செலவுத் திட்டத்தில் செர்டிக் திட்டம் வந்தது. அரசு சார்ந்த நிறுவனங்கள் கொடுத்த 150 மில்லியன் வெள்ளியில் (ரிங்கிட்டில்) 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினியும் தட்டைக் கணினியும் தரும் திட்டம் அது. 2021 பிப்ரவரியில் கல்வித் தொலைக்காட்சி தனி அலைவரிசையாகவே தொடங்கியது. கருவி கருவி என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பெற்றோரின் பொறுப்பு எங்கே போயிற்று?


பதினான்காம் மாடி | திங்கள், இரவு 11.05

செந்தூல் அண்ணன் அவர்களுக்கு. நான் இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவள். பதினான்காம் மாடி. மூன்று பிள்ளைகள். கட்டடத் துப்புரவு வேலை செய்கிறேன். இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன், அதனால் இரவில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கைப்பேசி இரண்டு. ஒன்று கணவருடையது. அவர் உணவு விநியோகம் செய்கிறார், கைப்பேசி இல்லாவிட்டால் அவருக்கு அன்று வருமானமே இல்லை. இன்னொன்று என்னுடையது. நாளைக்கு எந்தக் கட்டடம், எத்தனை மணி என்பதை மேற்பார்வையாளர் அதில்தான் அனுப்புவார். பத்து நிமிடத்தில் பதில் போடாவிட்டால் அந்த முறை வேறு ஒருவருக்குப் போய்விடும். பிள்ளைக்குக் கொடு என்கிறீர்கள். கொடுக்கிறேன், நான் குளிக்கும்போதும் சமைக்கும்போதும்.

வாடகை மாதம் 124 வெள்ளி, அதில் குறை சொல்ல முடியாது. வீட்டு இணையத்துக்கும் விசாரித்துப் பார்த்தேன். பி40 (வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டு) குடும்பங்களுக்கு மாதம் 69 வெள்ளித் தொகுப்பு உண்டு என்று சொன்னார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கணவர் பெயரில் பழைய தொலைபேசிப் பாக்கி ஒன்று இருக்கிறது. என் பெயரில் போடலாம் என்றால், இடையில் எனக்கு வேலை போய்விட்டால் யார் கட்டுவது? பிறகு என் பெயரிலும் கரும்புள்ளி விழும். அதனால் வாரத்துக்கு வாரம் டாப்-அப் போடுகிறோம். மொத்தமாக வாங்குவதைவிட அதுதான் செலவு அதிகம் என்று எனக்கும் தெரியும். மொத்தமாக எடுத்துக் கொடுக்கக் கையில் இருந்தால்தானே?

தொலைக்காட்சி இருக்கிறது, உண்மைதான். அது கூடத்தில் இருக்கிறது. இரவு வேலை பார்த்துவிட்டு வரும் என் மாமனார் பகலில் தூங்குவதும் அதே கூடத்தில்தான்.

மூத்தவனுக்கு ஓர் உதவித் திட்டத்தில் தட்டைக் கணினி கிடைத்தது. அன்று வீடே திருவிழாவாக இருந்தது. ஓராண்டு ஓடியது. பிறகு அதனுடன் வந்த சிம் அட்டையின் காலம் முடிந்தது, மின்னேற்றும் வாய் தளர்ந்தது. எங்கே கொண்டுபோய்ப் பழுதுபார்ப்பது என்று கேட்டு மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். இப்போது அது அலமாரியில், துணியில் சுற்றிய நிலையில் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

போன மாதம் இரண்டாமவளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஃபோலியோ. தட்டச்சு செய்து, வண்ணப் படத்தோடு அச்சிட்டுத் தர வேண்டும். நகல் கடையில் தட்டச்சுக்கு ஒரு பக்கத்துக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று எடுத்து முப்பத்திரண்டு வெள்ளி ஆனது. அதே நகல் கடையில் அவள் வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் அம்மாவும் வரிசையில் நின்றார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.


செந்தூல்காரன் | செவ்வாய், காலை 8.15

அக்கா, உங்களைக் குத்திக் காட்ட நான் எழுதவில்லை. மன்னியுங்கள். வேலைக்கான கைப்பேசி, வீட்டுக்கான கைப்பேசி என்று நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. என் நிறுவனத்து லாரி ஓட்டுநர்களுக்கும் நான் புலனத்தில்தான் வேலை அனுப்புகிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இன்று கேட்கிறேன்.

ஆனாலும் காணொலி விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.


திருப்புளி | செவ்வாய், மதியம் 1.30

கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோ யாட் பிளாசாவில் பதினோர் ஆண்டு கணினி பழுதுபார்த்தவன். இப்போது வீட்டிலிருந்து செய்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இப்போது நமக்கு ஒரு நல்ல நேரம் வாய்த்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டது. 2017-க்கு முன் செய்த பெரும்பாலான மடிக்கணினிகளை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் தலைநகரில் அலுவலகம் அலுவலகமாக நல்ல இயந்திரங்களைக் கழித்துக் கட்டுகிறார்கள். விசைப்பலகையும் திரையும் நன்றாகவே இருக்கும். பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு ஒன்றைப் போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இன்னும் நான்கைந்து ஆண்டு ஓடும். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா உலாவியில் திறப்பதுதானே, அதற்கு அது தாராளமாகப் போதும். எனக்கு ஓர் இயந்திரத்துக்கு ஒன்றரை மணி நேர வேலை.

அலுவலகங்கள் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. உள்ளே இருக்கும் கோப்புகள் வெளியே போய்விடுமோ என்ற பயம். "வன்தட்டை உங்கள் முன்னாலேயே கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்று சொன்ன பிறகு எனக்கு இல்லை என்றவர்கள் குறைவு.

ஒரு தவறை நானே செய்திருக்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். முதல் முறை பன்னிரண்டு மடிக்கணினிகளைச் சரிசெய்து வீடுவீடாகக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது பாதி ஓடவில்லை. கெட்டுப்போனது இயந்திரம் அன்று. ஒன்றில் மின்னேற்றியின் கம்பி அறுந்திருந்தது. இரண்டில் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. ஒரு வீட்டில் செருகும் இடம் சமையலறையில் மட்டும்தான், அங்கே வைத்துப் படிக்க முடியவில்லை. எல்லாமே ஐந்து நிமிடத்தில் தீர்கிற காரியம். தீர்த்துவைக்கக் கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். பதினான்காம் மாடி அக்கா, உங்கள் தட்டைக் கணினியின் மின்னேற்றும் வாயை நான் மாற்றித் தருகிறேன். தனிச்செய்தியில் மாதிரி எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

கரும்பலகை டீச்சருக்கு ஒரு கேள்வி. கைப்பேசி மட்டுமே தெரிந்த பிள்ளை கட்டைவிரலால் தமிழை மளமளவென்று அடிக்கிறது. முழு விசைப்பலகை முன் உட்காரவைத்தால் ஓர் எழுத்தைத் தேட அரை நிமிடம் ஆகிறது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர், தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்களின் முன்வரிசையில் நிற்பவர். அவர் பிறந்த மண்ணில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. ஆறாம் ஆண்டுக்குள் இதைக் கற்றுக்கொடுக்க முடியாதா?


கரும்பலகை | செவ்வாய், மாலை 5.50

கணினி அறை இருக்கும் பள்ளியில் முடியும். வாரத்தில் ஒரு பாட வேளை, நாற்பது பிள்ளைக்கு ஓடுகிற கணினி பதினைந்து என்றால் விரல் பழகுவதற்கு முன் மணி அடித்துவிடும். உங்கள் பன்னிரண்டு மடிக்கணினிகளையும் வீட்டுக்கு அனுப்பாமல் ஒரே இடத்தில் வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

டெலிமாவைப் பற்றியும் ஒன்று. ஒவ்வொரு மாணவருக்கும் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் நீளமான அடையாள எண் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். மார்ச்சுக்குள் பாதிச் சீட்டுகள் சலவைக்குப் போய்விடும். இப்போது நான் அதை நோட்டின் பின்னட்டைக்குள் ஒட்டி, மேலே ஒட்டுநாடா ஒட்டிவிடுகிறேன். சின்ன வேலைதான், என் வகுப்பில் இது மிகவும் பயன்பட்டது.


ஆயர்ஈத்தாம் | புதன், காலை 10.20

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் 2016-இல் கிரீன் லேனில் மின்னியல் நூலகம் திறந்தார்கள். அருமையான இடம். குளிர்சாதனம், கணினிகள், இரவிலும் படிக்கலாம். நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

என் அக்கா குடும்பம் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் இருக்கிறது. தீவின் பழைய மலிவு விலை உயர்மாடிகளில் ஒன்று. வீடு சின்னது, வீட்டுக்குள் மேசை போட இடமில்லை. அங்கிருந்து நூலகம் வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை இரவு எட்டு மணிக்கு இரண்டு பெரிய சாலைகளைக் கடந்து யார் அனுப்புவார்கள்? பஸ்ஸில் போய்வரச் செலவு, கூட ஒருவர் போனால் இரட்டிப்புச் செலவு. அந்த நூலகத்தில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். சொந்த மடிக்கணினியோடு, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள்.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது மிகச் சின்ன ஏற்பாடு. அதே மாடியில் பணி ஓய்வுபெற்ற ஓர் எழுத்தர் அம்மா இருக்கிறார். அவர் வீட்டில் நல்ல இணையம் உண்டு. மாலை ஏழரை முதல் ஒன்பதரை வரை வாசல் கதவைத் திறந்து வைப்பார். நான்கு பிள்ளைகள் அவருடைய சாப்பாட்டு மேசையில் உட்காருவார்கள். இணையக் கட்டணத்தில் பாதியை நான்கு குடும்பமும் பகிர்ந்துகொள்கின்றன. அவர் பாடம் ஒன்றும் சொல்லித் தருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகை படிப்பார், அவ்வளவுதான். அவர் இருக்கிறார் என்பதாலேயே யாரும் காணொலி பக்கம் போவதில்லை. செந்தூல் அண்ணனுக்கு இது பிடிக்கும்.


படிக்கட்டு | புதன், இரவு 8.45

இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சாப்பாட்டு மேசையைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது.

நான் 2020-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வு) மாணவி. தேர்வு தள்ளிப்போய் 2021 பிப்ரவரி 22-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மாதங்களை நான் பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டில் கழித்தேன். வீட்டுக்குள் தம்பிகள், பாட்டி, தொலைக்காட்சி. படிக்கட்டில் குழல்விளக்கு ஒன்று உண்டு. அது கண் சிமிட்டும், ஆனாலும் போதும்.

எங்கள் எதிர்வீட்டில் நாசி லெமாக் விற்கும் ஒரு மலாய் மக்சிக் (அத்தை) இருந்தார். நான் டேட்டா தீர்ந்து உட்கார்ந்திருப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், பலகாரப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வைஃபை கடவுச்சொல்லை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். மறுநாள் பார்த்தால், கூடத்தில் இருந்த இணையக் கருவியைக் கழற்றி, தாழ்வாரத்துச் சன்னல் கம்பியில் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறார். படிக்கட்டு வரை நன்றாக எட்ட வேண்டுமாம். அந்த மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் நான் தடுக்கி விழப்போனது தேர்வில் இல்லை, அதற்குப் பிறகு. மேற்படிப்பு விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான். என்னிடம் இருந்தது அம்மாவின் கைப்பேசி. சான்றிதழ்களைப் பிடிஎஃப் ஆக்க வேண்டும், கோப்பின் அளவைக் குறைக்க வேண்டும், பெற்றோர் வருமானத்தைச் சரியான கட்டத்தில் போட வேண்டும். இரண்டு முறை பாதியில் வெளியேற்றிவிட்டது. மூன்றாவது முறை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் பிளாக்கின் மூன்றாம் மாடியில் ஓர் அக்கா, கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அலுவலக மடிக்கணினியோடு வந்து இரண்டு இரவு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாம் இரவு ஒரு மணிக்கு ஒப்புகைத் தாள் வந்தது. என்னோடு ஒரே வகுப்பில் படித்த, என்னைவிட நன்றாகப் படித்த இரண்டு பேர் விண்ணப்பமே போடவில்லை. அவர்களிடமும் கைப்பேசி இருந்தது.

இப்போது நான் கணக்கு எழுத்தர். செந்தூல் எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மாலைவகுப்பு ஐயா, விண்ணப்ப மாதங்களில் நான் வருகிறேன். அதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.


பதினான்காம் மாடி | புதன், இரவு 11.30

தங்கை, உன் எழுத்தைப் படித்து அழுதுவிட்டேன். என் மூத்தவன் அடுத்த ஆண்டு ஐந்தாம் படிவம். அவனையும் உன்னிடம் அனுப்புகிறேன்.


செந்தூல்காரன் | வியாழன், காலை 7.55

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பழைய வாதத்தில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது என்று நம்புகிறேன். நாட்டில் பணம் செலவழியாமல் இல்லை. 2011-இல் 1பெஸ்தாரிநெட் என்று தொடங்கினார்கள். 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவதாகத் திட்டம். மதிப்பு 4 பில்லியன் வெள்ளிக்கு மேல். தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தேசியக் கணக்காய்வாளர் அறிக்கையே சொன்னது. 2019-இல் முடித்துக்கொண்டார்கள். திருப்புளி தம்பி பன்னிரண்டு மடிக்கணினியில் பார்த்ததைத்தான் நாடு பத்தாயிரம் பள்ளியில் பார்த்திருக்கிறது. பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டால் அது பெட்டியாகவே இருக்கும்.

அதனால்தான் பினாங்கு அம்மாவின் மேசை எனக்குப் பிடித்தது. மண்டபத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். புதன்கிழமைகளில் நான் உட்காருகிறேன். என் அலுவலகத்தில் பழைய மடிக்கணினி நான்கு இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை. உள்ளே வரும்போது எல்லாரும் கைப்பேசியைக் கூடையில் போட்டுவிட வேண்டும்.


மாலைவகுப்பு | வியாழன், இரவு 9.40

அனைவருக்கும் நன்றி. நான் என்ன முடிவுக்கு வந்திருக்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாரத்தைக் கிழித்துவிட்டேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று இனிக் கேட்கப் போவதில்லை. மாலையில் எத்தனை மணி நேரம் உன் கைக்கு வருகிறது, உட்கார்ந்து எழுத எங்கே இடம், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாய் என்று கேட்கப் போகிறேன். அந்தப் பதில்களைக் கொண்டுபோய் உதவி கேட்கிற இடங்களில் வைக்கப் போகிறேன். இருபத்திரண்டு 'உண்டு'களை வைத்துக்கொண்டு எந்த வாசலிலும் நிற்க முடியாது.

அடுத்தது மண்டபம். இப்போது எட்டு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தாரிடம் பேசினேன், ஒன்பதரை வரை சாவியைத் தர ஒப்புக்கொண்டார்கள். தொடர்பு பல்லூடக ஆணையத்தின் கீழ், மக்களுக்குக் கணினியும் இணையமும் தரும் நாடி மையங்கள் நாடெங்கும் இயங்குகின்றன. அப்படி ஒன்று எங்கள் அடுக்குமாடிக்கு வந்தால் மகிழ்ச்சி. வந்தாலும் நான் முதலில் கேட்கப்போவது, கணினி எத்தனை என்பதை அல்ல. இரவு ஒன்பதரை வரை கதவு திறந்திருக்குமா? பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு, குளித்துவிட்டு, அப்பா வேலைக்குப் போன பிறகுதான் அவர்களுடைய படிப்பு நேரமே தொடங்குகிறது. அலுவலக நேரத்தில் திறந்து அலுவலக நேரத்தில் மூடுகிற இடம் அவர்களுக்கு எட்டாது.

செந்தூல் அண்ணன், புதன்கிழமைக்கு நன்றி. உங்கள் பெயரை எழுதிவிட்டேன். கூடை விஷயத்தை நேரில் பேசுவோம். கைப்பேசி கொண்டுவரும் அந்த ஏழு பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது. மற்ற பதினைந்து பேரும் அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்கிறார்கள். அதைக் கூடையில் போட்டால் நாம் எதற்காகக் கூடினோமோ அதையே பூட்டிவைத்ததாகிவிடும்.

கரும்பலகை டீச்சர், ஓர் உதவி. எங்கள் பிள்ளைகள் படிக்கும் இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வீட்டுப்பாடத்தை மதியத்துக்குள் கரும்பலகையில் எழுதிவிடும்படி கேட்க வேண்டும். நான் எழுதினால் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். நீங்கள் ஓர் ஆசிரியையாக, அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எழுதினால் படிப்பார்கள்.


கரும்பலகை | வியாழன், இரவு 10.15

எழுதுகிறேன் ஐயா. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன். பையனின் பெயர் இல்லாமல்.


திருப்புளி | வியாழன், இரவு 10.40

செந்தூல் அண்ணன், உங்கள் நான்கையும் நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன். மின்னேற்றிகளையும் தேடி எடுத்து வையுங்கள், அதுதான் எப்போதும் தொலையும். என்னிடம் தயாராக மூன்று இருக்கின்றன. ஏழும் மண்டபத்திலேயே இருக்கட்டும், வீட்டுக்கு வேண்டாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

மாலைவகுப்பு ஐயா, மண்டபத்தில் மின்செருகும் இடம் எத்தனை?


மாலைவகுப்பு | வியாழன், இரவு 10.52

இரண்டு. ஒன்றில் மின்விசிறி.


திருப்புளி | வியாழன், இரவு 10.55

சரி. சனிக்கிழமை மூன்று மணிக்கு நீட்டிப்புக் கம்பியோடு வருகிறேன். சாவியை வாங்கி வையுங்கள்.